சாமரக்காரி உட்கார்ந்துவிட்டாள்

ஆவுடைக்கோட்டை ஓவியக் கூடத்தின் பெரிய படத்தில் நூற்று அறுபது வருஷமாக நின்றுகொண்டிருந்தவள், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றேகால் மணிக்கு உட்கார்ந்துவிட்டாள். இடி இடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை, சட்டத்திலிருந்து ஒரு தூசிகூட உதிரவில்லை. நெடுநேரம் நின்ற பெண்கள் எல்லா ஊரிலும் எப்படி உட்காருவார்களோ அப்படித்தான் அவளும் உட்கார்ந்தாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறுகையால் சேலைக் கொசுவத்தை முன்னுக்கு இழுத்துவிட்டு, ஜமீன்தாருடைய நாற்காலிக்கு வலப்பக்கம் விரித்திருந்த ஜமுக்காளத்தில் மெள்ள இறங்கி, சாமரத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அந்த மூச்சில், படத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்த முப்பிடாதியின் நெற்றி மயிர் லேசாக அசைந்தது.

முப்பிடாதி அந்தக் கூடத்தின் காவலர். பதினான்கு வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருந்தாள். தொகுப்பூதியம் என்றால் வேலை நிரந்தரம், ஆள் நிரந்தரமில்லை என்று பொருள். நிரந்தரக் காவலருக்கு விதிப்புத்தகத்தில் கைவைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. தொகுப்பூதியக்காரருக்குக் கிடையாது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று எந்தக் காலத்திலோ எந்த அதிகாரியோ உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருந்தான். ஒரு ஸ்டூலாவது கொடுங்கள் என்று அவள் போட்ட மனு ஒன்பது வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. ஆகவே காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை, வெள்ளிக்கிழமை விடுமுறை நீங்கலாக, இவள் தரையிலும் அவள் படத்திலுமாக இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இப்படி நின்ற பழக்கத்தில் முப்பிடாதி அவளை மைனி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அண்ணன் யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

படத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் ஜமீன்தாருடைய பெயர் ஏழு வரிக்கு ஓடும், அடுத்து அவர் கையிலிருக்கும் வாளின் பெயர், அதற்கடுத்து அவர் காலடியில் படுத்திருக்கும் நாயின் பெயர். சாமரம் வீசுகிறவளுக்குப் பெயர் கிடையாது. நாய்க்குப் பெயர் எழுதிய கைக்கு அதற்குமேல் தகட்டில் இடம் போதவில்லை போலும்.

மைனி உட்கார்ந்த அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும் மட்டும்தான். கோவில் கொடைக்கு வந்த இடத்தில் பேருந்துக்கு நேரமிருந்ததால் உள்ளே வந்தவர்கள், நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி கத்தவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. ஒரு பெண் ஆசுவாசப்படுகிறபோது வெறித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வேலை வேலைதானே என்று கைபேசியை எடுத்து அந்தக் கணவன் மனைவியைப் படத்தோடு சேர்த்துப் படம் பிடித்தாள்.

படம் பிடிப்பதும் அவள் வேலையில் சேர்த்திதான். மாதம் முப்பது பார்வையாளர் படம் தலைமையகத்துக்குப் போயாக வேண்டும். முகம் தெரிய வேண்டும், காட்சிப்பொருளும் தெரிய வேண்டும், ஒரே ஆள் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வரக் கூடாது. முப்பதுக்குக் குறைந்தால் ஆள் வராத கூடம் என்று பூட்டிச் சீல் வைத்துவிடுவார்கள். அதற்காகவே ஏழு வருஷத்துக்கு முன்பு அலுவலகத்தில் ஒரு கைபேசியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஆவுடைக்கோட்டையில் படம் பார்க்க வேண்டும் என்றே வருகிறவர் மாதத்துக்கு நாலு பேர் தேறினால் அதிகம். மீதி இருபத்தாறு பேரை முப்பிடாதிதான் பிடிக்க வேண்டும். எதிரிலிருக்கும் பேருந்து நிறுத்தத்தில் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டு நிற்கிறவர், மழைக்கு ஒதுங்கியவர், கழிப்பறை எங்கே என்று கேட்டு வருகிறவர், இவர்களையெல்லாம் அண்ணாச்சி, தாயி என்று அழைத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தி, கொஞ்சம் மேலே பாருங்கள் என்பாள்.

இப்படி ஏழு வருஷம் பிடித்ததில் அவளுக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே வரிசையில்தான் பார்ப்பார்கள்: முதலில் நாய், பிறகு வாள், பிறகு கழுத்துச் சங்கிலி, கடைசியில் மீசை. மீசைக்கு வருவதற்குள் பதினொரு மூச்சு ஆகிவிடும், பன்னிரண்டாவது மூச்சில் கிளம்பிவிடுவார்கள். காதலிக்கிறவர்கள் மட்டும் அரை மணி நேரம் அசையாமல் நிற்பார்கள், ஆனால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் செருப்பை வாசற்படியில் விட்டுவிட்டு வந்து, ஜமீன்தாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். யாருடைய பாட்டனை அவர் புளியமரத்தில் கட்டி அடித்தாரோ அவனுடைய பேரன் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அந்தக் கைபேசி எத்தனையோ தடவை பதிவு செய்து தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறது. படத்தின் வலது ஓரம்வரை போன கண் ஒன்றுகூட இல்லை. அவள் எடுத்த படங்களில் இருந்த முகங்களெல்லாம் ரேஷன் கடை வரிசையில் இருக்கும் முகங்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்கும் முகங்கள்.

வியாழக்கிழமை காப்பாட்சியர் தியாகேசன் வந்து பார்த்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர், இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒருவரிடமிருந்து எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் அவரிடமிருந்து முப்பிடாதிக்குக் கிடைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எப்போதிருந்து என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்றார்.

“நீங்க கேக்கலையே சார்” என்றாள் முப்பிடாதி.

அவர் பதிவேட்டை எடுத்து, ‘படம் எண் 1: உருவம் ஒன்று நிலை மாற்றம். மற்றவை சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மற்றவை சரியாக இல்லை. மைனி நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. நூற்று அறுபது வருஷமாக அவள் முதுகு அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது, இன்னொருவனுக்குக் காற்று வீசிக்கொண்டு நின்றதில் தனக்குப் பின்னால் ஜன்னல் இருப்பதை அவளே அறிந்திருக்க மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாய்க்கால், வாழைத்தோப்பு, தோப்புக்கு மேலே அப்போதுதான் விடிந்த வானம். அந்த வெளிச்சம் உள்ளே வந்து ஜமீன்தாருடைய கன்னத்தில் விழுந்தபோது, அத்தனை மீசைக்கும் பின்னால் அவர் இருபது வயதுகூட நிரம்பாத, பயந்துபோன பையன் என்பது தெரிந்தது. சாமரம் நின்றுபோனதால் அவருக்கு வேர்த்தது. முதலில் நெற்றியில் அரும்பி, பிறகு மூக்கு நுனியில் திரண்டு, சட்டத்தின் கீழ்விளிம்பு வழியாகச் சொட்டி, தினம் இரண்டு தடவை முப்பிடாதி துடைக்க வேண்டியதாயிற்று. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரித்தது.

ஜமீன் வாரிசு ஒருவர் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கேள்விப்பட்டு வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பெரியவருக்குப் புழுங்குகிறது என்று அங்கேயே ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் உயரமான மின்விசிறி ஒன்று வந்து இறங்கியது. அதை ஜமீன்தாருடைய முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். ஸ்டூலுக்கு ஒன்பது வருஷம், விசிறிக்கு மூன்று நாள் என்று முப்பிடாதி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விசிறியை அவள் ஒவ்வொரு நாளும் அரை அங்குலம் வலப்பக்கமாக நகர்த்தி வைத்ததில், பத்து நாளில் மைனியின் முன்மயிரும் பறக்க ஆரம்பித்தது.

கூடத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் நாலுமாடி ஜவுளிக்கடை. அங்கே வேலை செய்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்கு ஓவியக் கூடத்துக்குத்தான் வருவார்கள், கடையில் அதற்கு மேற்பார்வையாளரிடம் அட்டை வாங்க வேண்டும். கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, நாலுமாடிக் கடைக்கும் மாடிக்கு ஒரு நாற்காலி வந்திருந்தது. அதில் துணிமூட்டை உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போ என்பது எழுதாத சட்டம், எழுதாத சட்டம்தான் எந்தக் கடையிலும் நடக்கும். மூன்றாவது மாடி பட்டுப் பிரிவில் நின்ற ஜெபக்கனி என்கிற பெண்தான் அவர்களில் முதலில் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் படத்துக்கு முன்னால் நின்றாள்.

“எக்கா, உக்காந்துட்டா போலுக்கு.”

“செவ்வாக்கெழம உக்காந்தா.”

“நல்லதாப் போச்சு. எம்புட்டு நேரந்தான் நிப்பா, அவளும் பொம்பளதான” என்றாள் ஜெபக்கனி. சொல்லிக்கொண்டே, ஏதோ வீட்டுக்கு வந்தவளுக்குத் துணையாக உட்காருவதுபோலப் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டாள். கூட வந்த நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அன்று அரை மணி நேரம் அந்தக் கூடத்தில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி எண்ணெய் வண்ணத்தில், ஐந்து பேர் சீருடைச் சேலையில். நின்றவள் முப்பிடாதி மட்டும்தான், அவளுக்கு விதி இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் பதினைந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து செவிலியர்கள் வந்தார்கள், பிறகு நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், ஏ.டி.எம். வாசலில் நிற்கும் கிழவர், பேருந்தில் நாளெல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு வருகிற நடத்துநர், இப்படி ஊரில் நின்று பிழைக்கிற அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். படம் ஏன் உட்கார்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நூற்று அறுபது வருஷம் எப்படி நின்றாள் என்றுதான் கேட்டார்கள். முழுகாமல் இருக்கிறாளோ என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள், இல்லை, காலில் நரம்பு சுருண்டிருக்கிறது, எனக்கு இருப்பதுபோலவேதான் என்று இன்னொருத்தி சேலையை விலக்கிக் காட்டினாள். காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டால் வீக்கம் வடியும் என்று செவிலியர் ஒருத்தி படத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக் குரலில் சொல்லிவிட்டுப் போனாள், மறுநாள் காலையில் மைனியின் இரண்டு காலும் நாயின் முதுகின் மேல் இருந்தன. நாய் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ சட்டத்துக்குக் கீழே ஒரு முழம் பிச்சிப்பூ வைத்தார்கள், யாரோ தைலப் புட்டி வைத்தார்கள். மைனிக்கு எதிர்த்தாப்பில் ஒரு அரை மணி இருந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவது ஆவுடைக்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் போவது போல ஆகிவிட்டது.

முப்பிடாதி படம் பிடித்தாள். இப்போது யாரையும் தெருவிலிருந்து கூட்டி வர வேண்டியதில்லை, மேலே பாருங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற மனிதருடைய முகத்தில் அடுத்துப் போகப்போகிற இடம்தான் இருக்கும். உட்கார்ந்த பிறகுதான் முகத்துக்கு அந்த மனிதர் வந்து சேருகிறார் என்பது அவளுக்குப் படத்துக்குப் படம் தெரிந்தது. அந்தப் போக்குவரத்துக் காவலருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது அவர் பெண்டாட்டிக்குக்கூட மறந்திருக்கும். உட்கார்ந்து காலை நீட்டுகிறவர்களுக்குப் பாதம் தெரியும். ஊர்க்காரர்களுடைய பாதத்தை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வெடித்த பாதம், மருதாணிச் சிவப்பு மிச்சமிருக்கும் பாதம், செருப்பு வார் அறுத்த பாதம், ஒரு விரல் இல்லாத பாதம், எல்லாவற்றையும் முகத்தோடு சேர்த்து எடுத்தாள். அந்த மாதக் கடைசியில் கைபேசியில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. முப்பது கேட்ட இடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு போனால் தலைமையகம் எவ்வளவு சந்தோஷப்படும் என்று நினைத்து, ஒன்று விடாமல் அத்தனையையும் அனுப்பினாள்.

அதுதான் அவள் செய்த தப்பு. தலைமையகத்தில் கணினியைத் திறந்தவர் பார்த்தது என்ன? ஒரே மாதிரிச் சேலை கட்டிய பெண்கள், காக்கிச் சட்டைக்காரர், வெள்ளைச் சீருடைக்காரர்கள், எல்லோரும் அரசுக் கட்டிடத்துக்குள் தரையில் உட்கார்ந்து, ஒரே திசையில், வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தர்ணா என்று முடிவு செய்தார். உடனே தியாகேசனுக்குத் தொலைபேசி வந்தது. யார் தலைமை, எந்தச் சங்கம், என்ன கோரிக்கை என்று கேட்டார்கள். கோரிக்கை ஒன்றுமில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தியாகேசன் உண்மையைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. கோரிக்கையோடு உட்கார்ந்தவர்களை எழுப்ப வழி உண்டு, பாதியைக் கொடுக்கலாம், குழு போடலாம், தேதி தள்ளலாம். சும்மா உட்கார்ந்தவர்களை என்ன செய்வது?

அதே வாரம் நாலுமாடிக் கடையில் ஜெபக்கனி நாற்காலியிலிருந்த துணிமூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பட்டு எடுக்க வந்த அம்மாள் இதைப் பார்த்துத் தானும் விரிப்பில் உட்கார்ந்துகொண்டு, அவசரமில்லாமல் பேசிப் பேசி நாலு சேலை எடுத்தாள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, ஆனாலும் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஓவியக் கூடத்தின் முகப்பு வளைவைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் படம் எழுந்து நின்றால்தான் என் கடையில் நிற்பார்கள் என்று அவர் மேலிடத்தில் சொல்ல, இணை இயக்குநர் ஒருவர் காரில் புறப்பட்டு வந்தார்.

அவர் குரலை உயர்த்தாத மனிதர். காப்பாட்சியர் அறையில் காப்பாட்சியருடைய நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் இரண்டு கோப்புகளை வைத்து, முப்பிடாதியைக் கூப்பிட்டார். ஒரு கோப்பில் தட்டச்சு செய்த வாக்குமூலம் இருந்தது. இன்ன தேதியில், ஜெபக்கனி என்பவள் தலைமையில் ஐந்து பெண்கள் வண்ணமும் தூரிகையும் கொண்டுவந்து, நின்ற நிலையில் இருந்த உருவத்தை அமர்ந்த நிலைக்கு மாற்றிச் சேதப்படுத்தியதை நேரில் கண்டேன் என்று அதில் இருந்தது, ஐந்து பேருடைய முகத்துக்கும் சான்றாக முப்பிடாதி எடுத்த படங்களே இணைக்கப்பட்டிருந்தன. இன்னொரு கோப்பில் அவளுடைய பணி நிரந்தர ஆணை இருந்தது, தேதி மட்டும் போடவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சேதமடைந்தால்தான் படத்தில் கைவைக்க விதி இடம் கொடுக்கும், சேதம் என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். நீ கையெழுத்துப் போட்டால் போதும், ஓவியம் சீரமைக்கிறவர் வந்து பத்து நாளில் ஜன்னலை அடைத்து அவளைப் பழையபடி நிறுத்திவிடுவார். பதினான்கு வருஷமாக நிற்கிறாயே அம்மா, அடுத்த மாதம் முதல் உனக்கு நாற்காலி வந்துவிடும் என்றார். அதை அவர் நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார். நாளை மத்தியானம்வரை யோசிக்கவும் சொன்னார்.

முப்பிடாதிக்கு அந்த ஐந்து முகங்களும் கண்ணை விட்டுப் போகவில்லை. தான் பிடித்த படம், தான் அனுப்பிய படம். சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்கனி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபக்கனி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“பெயிண்ட் அடிச்சனா? எனக்கு நகத்துக்குப் பாலிஷே நேரா வராதேக்கா.”

“வெளையாடாதட்டி. ஜெயிலுன்னு சொல்லுதாவ.”

சிரிப்பு நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனியின் கண்ணுக்கு நேரே, நின்றுகொண்டிருந்த முப்பிடாதியின் கணுக்கால் இருந்தது. உலையில் பொங்கிய சோறுபோல வீங்கி, நீல நரம்பு சுற்றிக் கிடந்த அதை ஜெபக்கனி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தாள்.

“போட்டுருங்கக்கா” என்றாள். “இந்தக் கட இல்லன்னா இன்னொரு கட. கேசுன்னு வந்தா எங்க அப்பா வந்து பேசுவாவ. எங்க போனாலும் எங்களுக்கு நிக்கதுதான வேல. நீங்களாவது உக்காருங்க.”

“அப்பம் மைனி?”

ஜெபக்கனி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து எழுந்து போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்குமேல் கூடத்தில் யாரும் இல்லை. மைனி தூங்கிவிட்டிருந்தாள். ஜமீன்தாருடைய நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, சாமரம் மடியிலிருந்து நழுவிக் கிடக்க, நூற்று அறுபது வருஷத் தூக்கத்தைத் தூங்கினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கால்வரை வந்திருந்தது. நாயின் முதுகுக்கு மேலே அவளுடைய உள்ளங்கால் தெரிந்தது. எந்த ஓவியனும் அதை வரைந்திருக்க முடியாது, அவன் பார்த்ததெல்லாம் நின்ற கால்தான். குதிகாலில் மூன்று வெடிப்பு, பெருவிரலுக்குக் கீழே காய்த்துத் தடித்த ஒரு வட்டம். முப்பிடாதி கைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்தாள். பார்வையாளர் யாரும் இல்லாத படம், முப்பதில் சேராது, தலைமையகத்துக்கு அனுப்ப முடியாது. மாலை ஐந்து மணிவரை அவள் அந்தப் படத்தையும் மைனியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கே காப்பாட்சியர் அறைக்குப் போய், தட்டச்சு செய்த தாளை அப்படியே வைத்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, அலமாரியின்மேல் வைத்து நின்றபடியே எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, ஆனால் அடித்தல் திருத்தல் இல்லை.

‘ஐயா, பதினான்கு வருஷம் நான் எதிரில் நின்று பார்த்தவள். அந்தப் படத்தை யாரும் தொடவில்லை. அவளாகத்தான் உட்கார்ந்தாள். அப்போது நான் பணியில் இருந்தேன். தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை. கோப்பில் இருக்கிற கைபேசிப் படங்களை எடுத்தது நான். அதில் உட்கார்ந்திருக்கிறவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். பார்த்தார்கள். வேறு குற்றம் செய்யவில்லை. ச. முப்பிடாதி, காவலர்.’

இணை இயக்குநர் இரண்டு தடவை படித்தார்.

“உனக்கு நாற்காலி வேண்டாமா?”

“வேணும் சார்” என்றாள் முப்பிடாதி. “இன்னொருத்திய எந்திரிக்கச் சொல்லிட்டு வேண்டாம்.”

தியாகேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இணை இயக்குநர் நிரந்தர ஆணை இருந்த கோப்பை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போகும் வழி பெரிய படத்தைத் தாண்டித்தான். முப்பிடாதி பின்னால் நின்று பார்த்தாள். அவரும் நாயைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். பன்னிரண்டாவது மூச்சில் அவர் கிளம்பவில்லை. அவர் கண் வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து, தூங்குகிறாள் போல என்று தியாகேசனிடம் மிகத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பூட்ஸ் சத்தம் கேட்காதபடி நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.

அதற்காக அவர் முப்பிடாதியை மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதிகாரம் நுனிக்காலில் நடந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். வாக்குமூலம் இல்லாததால் புகார் இல்லை, புகார் இல்லாததால் சேதம் இல்லை, சேதம் இல்லாததால் படத்தில் கைவைக்க விதி இல்லை. மைனி உட்கார்ந்தபடியே இருந்தாள். நடந்ததை மாற்ற முடியாதபோது அரசாங்கம் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தது, தகட்டை மாற்றியது. ஜமீன்தார், வாள், நாய் என்று பழையபடி எழுதி, அதற்குக் கீழே ‘மற்றும் ஒருவர் (அமர்ந்த நிலையில்)’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்தார்கள். நாலுமாடிக் கடையில் துணிமூட்டை நாற்காலியில் மறுபடி ஏறவில்லை. மாடிக்குப் பத்துப் பெண்கள், ஒரு நாற்காலி, முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிஷம். போதாதுதான். ஆனால் அது அவர்களாக எடுத்துக்கொண்டது, எவனும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. முறை வைத்த முதல் நாள் தன் பத்து நிமிஷத்தை ஜெபக்கனி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே ஓவியக் கூடத்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து கழித்தாள்.

முப்பிடாதிக்கு நிர்வாக நலன் கருதி இடமாற்றம் வந்தது. தூரமில்லை, அதே வளாகத்தின் பின்கட்டில் இருக்கும் கற்சிற்பக் கூடம். ஆள் வராத இடம், கைபேசியையும் வாங்கிக்கொண்டார்கள். நாற்காலி அங்கேயும் கிடையாது. சாவிக்கொத்தோடு அவள் முதல் நாள் காலையில் கதவைத் திறந்து, இருட்டுப் பழகும்வரை வாசலிலேயே இருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கச் சுவரோரமும் வரிசையாக, கை உடைந்தும் மூக்கு உடைந்தும், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையின் முதலில், இடிந்துபோன ஏதோ கோவிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இரண்டு வாயிற்காவலர்கள், பத்தடி உயரம், ஒரு காலைத் தூக்கிக் கதாயுதத்தில் சுற்றிக்கொண்டு, மொத்தப் பாரத்தையும் மறுகாலில் தாங்கி, தொள்ளாயிரம் வருஷமாக விறைப்பாக நின்றார்கள். காவலுக்கு நின்ற கோவில் போய்விட்டது, உள்ளே இருந்த சாமியும் போய்விட்டது, நிற்கச் சொன்னவனும் செத்து, அவன்மேல் புல் முளைத்துவிட்டது. போதும், இனி நிற்க வேண்டாம் என்று மட்டும் யாரும் ஆணை போடவில்லை.

முப்பிடாதி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலாவது ஆளின் எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஏண்ணே,” என்றாள், “நீங்க எம்புட்டுக் காலமா நிக்கிய?”

கல் என்பதால் பதில் வரக் கொஞ்சம் காலமாகும் என்று அவளுக்குத் தெரியும். ஓய்வுபெற இன்னும் பதினொரு வருஷம் இருந்தது, தினமும் கேட்கலாம்.